இரு பக்கம், இரு பெயர்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு குன்று இருக்கிறது. வட வேல்ஸில், பெத்தெஸ்டாவுக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் நாங்கள் குடியேறி இது பதினான்காவது வருடம். முதல் ஐந்து வருடமும் அதைப் 'பின்மலை' என்றே வீட்டில் சொல்லிவந்தோம். வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை. உச்சியின் உயரத்தைச் சொல்லும் ஓர் எண் மட்டும் இருந்தது.

ஒரு பங்குனி மாதம், ஆடுகள் குட்டி போடும் காலம். இரவுப் பணி முடிந்து வந்துகொண்டிருந்தேன். பக்கத்துப் பண்ணை முதியவர் சரிந்துபோன கல்மதிலை அடுக்கிக்கொண்டிருந்தார். மாலை வகுப்பில் படித்த அரைகுறை வெல்ஷில் அவரிடம் குன்றின் பெயரைக் கேட்டேன். கையிலிருந்த கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வொய்ல்" என்றார். நான் உச்சியைக் காட்டி, "அதுவா?" என்றேன். அவர் தலையசைத்து மறுத்து, மதிலுக்கும் ஓடைக்கும் இடையே ஏறிச்செல்லும் புல்சரிவைக் காட்டினார். ஆடு மேய்வது அங்கேதான். உச்சியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

சில வாரம் கழித்து, குன்றின் மறுபக்கத்தில் வளர்ந்த ஒரு மூதாட்டியிடம் இதைச் சொன்னேன். "இல்லையம்மா, அது கார்ன்" என்றார் அவர் உறுதியாக. கார்ன் என்றால் கற்குவியல். ஒருநாள் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கல் குவிந்த முடிதான் தெரிகிறது, புல்சரிவு தெரியவே இல்லை. இரண்டு பெயரும் சரியானவை. அவரவர் வாசலில் நின்று, அவரவர் கண்ட மலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு கொப்பி வாங்கினேன். பெயர், சொன்னவர் எந்தப் பக்கத்தவர், கேட்ட நாள் என்று எழுதத் தொடங்கினேன்.

'வொய்ல்' என்பதன் மூலச்சொல் 'மொய்ல்'. மொட்டை என்று பொருள், மரமற்ற குன்றுக்கும் அதுவே பெயர். இதுபோன்ற பெண்பாற் சொல்லின் முன்னே சுட்டு வந்தால் மகரம் வகரமாகிவிடும். நம் தமிழில் கல்லும் மலையும் சேர்ந்தால் கன்மலை ஆகிறது, நிலைமொழியின் ஈறு திரிகிறது. வெல்ஷில் வருமொழியின் முதலெழுத்தே திரிந்துவிடும். ஆகவே பழைய பட்டியல்களில் ஒரு குன்றைத் தேடுகிறவர் இரண்டு எழுத்தின் கீழும் தேட வேண்டும். புணர்ச்சி விதி படித்த எனக்கு இந்த மொழி நெருக்கமானது இந்த இடத்தில்தான்.

வரைபடம் வரைந்தவர்களுக்கு இது எளிதாக இருந்திருக்காது. 1791இல் தொடங்கிய ஓர்ட்னன்ஸ் சர்வே நில அளவை நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸை அளந்தபோது, அளவையாளர் பலருக்கு வெல்ஷ் தெரியாது. காதில் விழுந்ததை எழுதினார்கள். சரிவின் பெயர் உச்சிக்குப் போயிற்று, பண்ணையின் பெயர் மலைக்குப் போயிற்று. எந்தப் பெயரை யார் சொன்னார் என்று குறித்துவைத்த பெயர்ப் புத்தகங்களும் இருந்தன. 1940இல் சவுத்தாம்ப்டன் நகரில் இருந்த அந்நிறுவனத்தின் அலுவலகம் குண்டுவீச்சில் எரிந்தபோது, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய அப்புத்தகங்களில் பெரும்பகுதி அழிந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த என்னால் அந்தச் செய்தியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

மிஞ்சியிருக்கும் பெரிய சான்று தசமபாக வரைபடங்கள். திருச்சபைக்குத் தானியமாகவும் கால்நடையாகவும் செலுத்திவந்த தசமபாகத்தைப் பணமாக மாற்ற 1836இல் சட்டம் வந்தது. அதற்காக ஊர் ஊராக நிலத்தை வரைந்து, துண்டுக்கு ஓர் இலக்கமிட்டு, உரிமையாளர், குடியானவர், நிலத்தின் பெயர், பயிர், பரப்பளவு எல்லாவற்றையும் பதிந்தார்கள். அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகம் இவற்றைக் கணினியில் பார்க்கத் தந்திருக்கிறது. ஓர் இரவு எங்கள் கிராமத்தின் பக்கத்தைத் திறந்தேன். 'கை' என்றால் வயல். கை, கை என்று வரிசையாகப் போய், கடைசியில் 'ஃப்ரீத் அ வொய்ல்' என்று இருந்தது. ஃப்ரீத் என்பது வயல்களுக்கும் திறந்த மலைக்கும் இடைப்பட்ட மேய்ச்சல் நிலம். முதியவர் கைகாட்டிய அதே சரிவு!

எனக்குக் கண் கலங்கியதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் மலை கிடையாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் பெயர் உண்டு. கலட்டி, புலம், வளவு, தறை என்று முடியும் அந்தப் பெயர்கள் காணி உறுதியில் எழுதப்பட்டிருக்கும், கூடவே இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று. எங்களுடையது இலுப்பையடி வளவு. இலுப்பை நான் பிறக்க முன்னமே பட்டுப்போயிற்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எழும்பியபோது நாங்களும் எழும்பினோம். நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. இருபது வருடத்துக்குப் பிறகு போய்ப் பார்க்கையில் வேலியும் இல்லை, கிணற்றுக்கட்டும் இல்லை. அம்மா றங்குப்பெட்டியில் காத்துவைத்த உறுதியில் பெயர் மட்டும் இருந்தது.

வேல்ஸின் நடுப்பகுதியில் எப்பின்ட் என்றொரு மலைநிலம் இருக்கிறது. குதிரைகளின் பாதை என்று பொருள் சொல்கிறார்கள். 1940இல் இராணுவப் பயிற்சிக்காக அங்கிருந்த 54 வீடுகளிலிருந்து 219 பேரை எழுப்பினார்கள். இன்றும் அது பயிற்சிக்களம்தான். வெல்ஷ் பேசிய சனம் போனதும் ஓடைக்கும் சரிவுக்கும் இருந்த பெயர்களை அன்றாடம் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. சொல்ல வாய் இல்லாத பெயர் தாளில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

ஆட்கள் இருக்கும்போதே பெயர் மறைவதும் உண்டு. வட வேல்ஸில் இட்வால் ஏரிக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு. மலையேற வந்த ஆங்கிலேயர் அதைப் 'பெயரில்லாப் பள்ளத்தாக்கு' என்று அழைத்தார்கள். அதன் பெயர் கும் க்னைவியன், கத்தரித்த ஆட்டுமயிரின் பள்ளத்தாக்கு. ஆடு மேய்த்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது காற்று மாறியிருக்கிறது. வரலாற்று இடப்பெயர்களின் பட்டியல் ஒன்றைப் பேண வேண்டும் என்று 2016இல் வேல்ஸ் சட்டம் இயற்றியது. 2022 நவம்பரில் ஸ்னோடன் மலையை அதன் வெல்ஷ் பெயரான அர் உய்த்வா என்றே குறிப்பதென்று தேசியப் பூங்கா முடிவெடுத்தது. 2023 ஏப்ரலில் பிரெகன் பீக்கன்ஸ் பூங்கா பன்னாய் பிரெகைனியோக் ஆயிற்று. பெரிய மலைகளுக்கு இப்படி நியாயம் கிடைப்பதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் சிறு குன்றுகளுக்காக எந்தக் குழுவும் கூடிப் பேசப்போவதில்லை. 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காடு. ஒவ்வொரு சரிவின் பெயரையும் அறிந்தவர்கள் இவர்களுக்குள்ளும் சிலரே, பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களிடம் இப்போதே கேட்க வேண்டும். வந்தேறி கேட்கலாமா என்று முதலில் தயங்கினேன். கேட்ட எவரும் என்னை அப்படிப் பார்க்கவில்லை. தேநீர் ஊற்றி உட்கார வைத்தார்கள்.

மதில் கட்டிய முதியவர் போன மார்கழியில் காலமானார். அவர் சொன்ன முப்பத்தொரு பெயர்கள் என் கொப்பியில் இருக்கின்றன. அடக்கம் முடிந்த பின் அவருடைய மகளிடம் அவற்றைப் படியெடுத்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தாள். நான் பிழையாக எழுதியிருந்த இரண்டைத் திருத்தினாள்.

அன்றிரவு அம்மாவுடன் தொலைபேசியில் கதைத்தேன்.

"அந்த மலைக்கு என்ன பேர் பிள்ளை?"

"வொய்ல் அம்மா. மொட்டை எண்டு அர்த்தம்."

"மற்றப் பக்கத்துச் சனம்?"

"கார்ன். கற்குவியல்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கேளாமலே, எங்கள் வளவைச் சுற்றியிருந்த காணிகளின் பெயர்களைக் கிழக்கிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினா. நான் கொப்பியில் புதுப் பக்கம் புரட்டினேன்.