கதவின்மேல் போட்ட பழி

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எங்கள் வீடு. 1956இல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு போனது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது, நாங்களும் நின்றோம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். 2014இல் எம்.எஸ்சி. கடைசி வருடத்தில், திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்யப் போனேன்.

கொசுவில் இருந்து ஆர்என்ஏ எடுப்பது என் வேலை. எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் மழைத் தண்ணீர் நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். ஆய்வகத்து அட்டெண்டர் தனுவச்சபுரத்துக்காரர், அவர் வீட்டிலும் தமிழ்தான். அண்ணன் என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரட்டைத் தண்ணீரைப் புழுவோடு பாட்டிலில் ஊற்றி, சிந்தாமல் எனக்காகக் கொண்டுவருவார்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஆர்என்ஏஸ் என்றால் நடுக்கம். ஆர்என்ஏவை வெட்டும் நொதிகளுக்கு அதுதான் பொதுப்பெயர். வேர்வையில் உண்டு, எச்சிலில் உண்டு, விரல் பட்ட இடத்திலெல்லாம் உண்டு. மாட்டுக் கணையத்தில் கிடைக்கும் ஆர்என்ஏஸ் ஏ வெறும் 124 அமினோ அமிலங்கள்தான். கொதிக்க வைத்தாலும் ஆறியதும் பழைய மடிப்புக்குத் திரும்பிவிடும். அதன் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, தானாகவே அது மறுபடி மடிந்து வேலை செய்வதைக் காட்டியதற்காகத்தான் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சனுக்கு 1972இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இதையெல்லாம் பரீட்சைக்குப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

ஒரு ஜூன் மாத மாலை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கையுறை போட்ட கையாலேயே நெற்றி வேர்வையைத் துடைத்தேன், அதே கையோடு குழாய்களின் மூடியைத் திறந்தேன். ஒன்றல்ல, பதினெட்டுக் குழாய்கள். மறுநாள் ஜெல்லில் பார்த்தால் எல்லாம் போய்விட்டிருந்தது. கொசுவின் ஆர்என்ஏ நன்றாக இருந்தால் ஒரு கோடு பளிச்சென்று தெரியும். எனக்குக் கிடைத்தது அடியில் கலங்கிய வெளிச்சம் மட்டும். இரண்டு மாத வேலை.

என்ன நடந்தது என்று ஆய்வகத்தை நடத்திய மேடம் கேட்டார். ஃப்ரீசர் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது என்று சொன்னேன். இரவில் கதவைப் பார்ப்பது அண்ணனின் பொறுப்பு. ஒப்பந்த ஊழியரான அவருக்கு ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்தார்கள். அவர் என்னிடம் வந்து, "போட்டு மக்களே, இன்னொரு தடவ புழு கொண்டுவாறேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்த நொதியை நான் வெறும் நாசக்காரனாக நினைத்திருந்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நம் தோல் ஆர்என்ஏஸ் 7 என்ற ஒன்றைச் சுரந்து கிருமிகளைக் கொல்கிறது. வைரஸ் நுழைந்த செல்லுக்குள் ஆர்என்ஏஸ் எல் விழித்துக்கொண்டு, வைரஸின் ஆர்என்ஏவோடு செல்லின் சொந்த ஆர்என்ஏவையும் சேர்த்தே நறுக்குகிறது. மருந்து செய்கிறவர்களும் இந்த வெட்டை வசப்படுத்திவிட்டார்கள். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான், நம் செல்லில் உள்ள ஆர்கோநாட் நொதிக்கு எந்த ஆர்என்ஏவை வெட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது. அதே ஆண்டு ஜப்பானில் வந்த பலாக்சவிர், ஃப்ளூ வைரஸ் நம் ஆர்என்ஏவின் தலையைக் கொய்யும் நொதியை முடக்குகிறது.

2021 ஜூலை 8 அன்று கேரளத்தின் முதல் ஜிகா தொற்று உறுதியானது. பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்கு. டிவியில் எங்கள் ஊர்ப் பெயர் ஓடியபோது எனக்குக் கை நடுங்கியது. ஜிகாவால் பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் படங்களை 2016இல் பார்த்தவள் நான். எங்கள் தெருவிலும் அப்போது இரண்டு பேர் மாசமாக இருந்தார்கள்.

ஜிகாவும் அதே ஏடிஸ் கொசு பரப்பும் ஒரு ஆர்என்ஏ வைரஸ். ஏறக்குறைய 10,800 எழுத்துகள். செல்லில் எக்ஸ்ஆர்என்1 என்ற நொதி உண்டு. ஆர்என்ஏவைத் தலையில் பிடித்து வால்வரை தின்றுகொண்டே போகும். ஜிகாவின் வால்பகுதிக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. ஏன் என்பதை 2016இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கீஃப்ட் குழு ஒரு கட்டுரையில் காட்டியது. அங்கே ஆர்என்ஏ தன்னையே ஒரு வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உருவாஞ்சுருக்கு போலத்தான்: தலைப்பக்கம் இருந்து வரும் நொதிக்கு அது இறுகும், வால்பக்கம் இருந்து வந்து வைரஸை நகலெடுக்கும் நொதிக்கு அவிழ்ந்து வழிவிடும். தின்னாமல் மிஞ்சிய வால்துண்டுகள் செல்லுக்குள் குவிந்து, உடம்பின் எச்சரிக்கை மணியான இன்டர்ஃபெரானை அடக்குகின்றன. காவல்காரன் தின்று மிச்சம் வைத்ததே கள்ளனுக்கு ஆயுதமாகிறது. அந்தக் கட்டுரையை அன்றிரவு மறுபடி படித்தேன். ஏழு வருடம் முன்பு எனக்காகப் புழு சுமந்தவரின் முகம்தான் வந்து நின்றது.

அடுத்த ஞாயிறு தனுவச்சபுரம் போனேன். அண்ணன் வேலையை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, வேர்வை துடைத்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். பிடித்த சம்பளத்தை உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன், வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும் மக்களே. அந்தக் கதவ நான் ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் போனேன்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ படிக்கப்பட்ட பிள்ளையில்லியா" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் முப்பது மூடு ரப்பர். மழையில் பால் வெட்டு நின்றிருந்தது. ஒவ்வொரு மூட்டிலும் சிரட்டை கவிழ்ந்து இருந்தது. என் புராஜெக்டுக்குப் புழு பிடித்த வருடத்தில் இருந்தே இப்படித்தான் என்றார்.

ஜிகாவுக்கு அனுமதி பெற்ற தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. பால் வெட்டு நிறுத்தும் நாளிலேயே உங்கள் தோட்டத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்.