கழிவும் கொடையும்

மனிதன் தன் உடலினின்றும் நீங்கும் பொருள்களுள் மலத்தை அருவருப்பதுபோலப் பிறிதொன்றை அருவருப்பதில்லை. அதனைப் பெயர் சொல்லி அழைக்கவும் நாகரிக சமூகம் நாணுகின்றது. ஆயினும், அப்பொருளே இன்று ஆய்வுகூடத்தில் நிறுக்கப்பட்டு, வடிக்கப்பட்டு, உறைய வைக்கப்பட்டு, உயிர்காக்கும் மருந்தாகின்றது.

இதன் தேவை மருத்துவத்தின் வெற்றியிலிருந்தே பிறந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நோய்க்கிருமிகளோடு, குடலில் வாழும் பயனுள்ள நுண்ணங்கிகளையும் அழித்துவிடுகின்றன. வெறுமையான அவ்விடத்தில் குளொஸ்திரிடியம் டிபிசில் என்னும் பற்றீரியா பெருகி, ஓயாத வயிற்றோட்டத்தை விளைவிக்கின்றது. அதனை அடக்க மீண்டும் மருந்து. மருந்து நின்றதும் சிலரிடத்து மீண்டும் நோய். இந்நோயின் காரணி இன்னதென அறியப்படாத 1958 ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் அவர்தம் குழுவினரும், கடுங் குடலழற்சியுற்ற நால்வருக்குப் பிறரது மலக் கரைசலைக் குதவழி செலுத்திக் குணங்கண்டனர். 2013 இல் வெளியான ஒல்லாந்து நாட்டு ஆய்வொன்றில், இச்சிகிச்சை பெற்ற 16 பேருள் 15 பேர் நலமடைந்தனர். வன்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேருள் நலமடைந்தோர் நால்வரே.

ஆய்வுகூடத்துள் நிகழ்வது ஆரவாரமற்ற பணி. முதலிற் கொடையாளி சோதிக்கப்படுகின்றார். அவரது நோய் வரலாறும் அண்மையில் உட்கொண்ட மருந்துகளும் வினவப்படுகின்றன. குருதியில் எச்.ஐ.வி., ஈரலழற்சி, மேகநோய் ஆகியனவும், மலத்தில் ஒட்டுண்ணிகளும் தீய பற்றீரியாக்களும் தேடப்படுகின்றன. முன்வருவோரிற் பெரும்பாலோர் இக்கட்டத்திலேயே விலக்கப்படுகின்றனர். தேர்ந்தவரின் கொடை கழிந்த ஆறு மணித்தியாலங்களுக்குள் பதப்படுத்தப்படவேண்டும். காலந் தாழ்த்தினால் ஒட்சிசன் தாங்காத நுண்ணங்கிகள் மடிந்துவிடும். கையுறையும் முகமூடியும் அணிந்த உதவியாளர், ஏறத்தாழ 30 முதல் 50 கிராம் வரை நிறுத்தெடுத்து, உப்புக்கரைசலிற் கலக்கி, சக்கைகளை வடித்து நீக்குகின்றார். உறைதலால் உயிர்க்கலங்கள் சிதையாதிருக்கக் கிளிசரோல் சேர்க்கப்படுகின்றது. பின்னர் அது, சுழியத்துக்குக் கீழ் 80 பாகை செல்சியசில் உறைந்து கிடக்கும். நோயாளிக்குரிய நாளில், 37 பாகை வெந்நீர்த்தொட்டியில் உருக்கி எடுப்பர்.

அருவருப்பை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிடலாமா? நுணுக்குக்காட்டி தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே மனித குலத்தை நோயினின்றுங் காத்து நின்ற காவல் அது. அக்காவலை விலக்குவோர் அதனினும் விழிப்பான காவலொன்றை நிறுத்தியாகவேண்டும். 2019 இல் அமெரிக்காவில், ஒரே கொடையாளியின் மலத்தினால், நோயெதிர்ப்பாற்றல் குன்றிய இருவருக்கு மருந்துகளுக்கு அடங்காத ஈ. கோலி பற்றீரியா தொற்றியது, ஒருவர் மாண்டார். அக்கொடையில் அப்பற்றீரியாவுக்கான சோதனை செய்யப்பட்டிருக்கவில்லை. அதன்பின் அச்சோதனை கட்டாயமாயிற்று.

2022, 2023 ஆம் ஆண்டுகளில் இவ்வழிவந்த இரு மருந்துகளை அமெரிக்க அரசு அங்கீகரித்தது. அவற்றுளொன்று விழுங்கும் குளிகை. குளிகையாயினும் அதன் மூலம் இன்னும் மனித உடலே. மாதக்கணக்காக வீட்டைவிட்டு வெளியேற இயலாது நலிந்த நோயாளி அதை அறிந்தே ஏற்கின்றார். அவர் நம்புவது கொடையாளியின் நல்லெண்ணத்தை மட்டுமன்று. மூக்கைச் சுளிக்காது ஒவ்வொரு சோதனையையும் செய்து முடித்த, தாம் ஒருபோதுங் காணாத அவ்வுதவியாளரின் நேர்மையையுமாம்.