ராகலையில் ஒரு மட்டக்குதிரை

கடந்த தை மாதத்தில் ஓர் இரவு ராகலையிலிருந்து என் தம்பி மகன் தொலைபேசியில் அழைத்தான். "பெரியப்பா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் செய்வேன்" என்றான். குதிரைக்குக் காயடிப்பதா, வேண்டாமா என்பதுதான் பிரச்சினை.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவன் நான். தேர்தல் முதல் தேயிலை விலை வரை எதைப் பற்றியும் என்னிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். இப்படியொரு கேள்வி வந்ததில்லை. ஆனாலும் தட்டிக் கழிக்க முடியவில்லை. அந்தக் குதிரையை வாங்கியபோது பாதிப் பணம் கொடுத்தவன் நான். தகப்பன் இல்லாத பிள்ளை, ஒரு தொழில் அமையட்டும் என்று கொடுத்தேன். விடுமுறை நாள்களில் அதை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய், கிறகரி வாவிக் கரையில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுவான். வசந்தகாலமான ஏப்ரலில் கிடைப்பதுதான் அவர்களுடைய பாதி ஆண்டு வருமானம்.

நுவரெலியாவில் பேருந்து மாறி, கந்தப்பளை வழியாக ராகலைக்குப் போனேன். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து இந்த வழியாக ராகலை வரை சிறிய ரயில் ஓடியது. இன்று இரு மருங்கிலும் தேயிலையும், இடையிடையே லீக்ஸ், கரட் பாத்திகளும்தான். குதிரைக்கும் இந்த மலைக்கும் நெடுநாள் உறவு. நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடல் 1875ஆம் ஆண்டில் உருவானது. துரைமார் குதிரையேறித் தோட்டம் சுற்றியதை என் பாட்டனார் கதை கதையாகச் சொல்வார். அன்று குதிரையில் போனவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைதான் இன்று குதிரை வைத்துப் பிழைக்கிறான்.

குதிரையின் பெயர் ராஜா. வயது மூன்று. முன்தோள் உயரம் 36 அங்குலம். அமெரிக்காவில் சின்னஞ்சிறு குதிரைகளுக்கென்றே உள்ள ஒரு சங்கம் 34 அங்குலத்தை எல்லையாக வைத்திருக்கிறது. நம்முடைய ராஜா அந்த எல்லையைச் சற்றே தாண்டியவன். பார்ப்பதற்குப் பொம்மை போல இருப்பான். ஆனால் உடம்பு சிறிதென்பதால் ஆண்மை சிறிதாகிவிடுவதில்லை. மார்கழி விடுமுறையில், ஒரு சிறுமியை முதுகில் சுமந்து போகும்போது, தூரத்தில் ஒரு பெட்டைக் குதிரையைக் கண்டு கனைத்து, முன்னங்கால்களைத் தூக்கி எழும்பியிருக்கிறான். பிள்ளை புல்லில் விழுந்தாள். தெய்வாதீனமாக ஒரு கீறலும் இல்லை. "அந்தப் பிள்ளையோட தாய் என்னைப் பார்த்த பார்வை கண்ணுக்குள்ளேயே நிக்குது, பெரியப்பா" என்றான்.

வீட்டில் ஒரு சிறிய மாநாடே நடந்தது. பக்கத்து லயத்திலிருந்து ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் வந்திருந்தார். ஆண் உயிரின் வித்தை அழிப்பது ஏழு தலைமுறைக்கும் பாவம் என்பது அவர் கட்சி. தம்பி மகனுக்கு வேறு கணக்கு. குதிரை வைத்திருக்கும் ஒருவர், தம் பெட்டைகளோடு ராஜாவைச் சேர்த்தால் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காயடித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

என் மனம் வேறோர் இடத்தில் நின்றது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, தோட்டத்தில் வண்டி மாட்டுக்குக் காயடித்ததைப் பார்த்தேன். நாலு பேர் மாட்டைக் கட்டி வீழ்த்தி, இரண்டு கட்டைகளுக்கிடையே வைத்து நசுக்கினார்கள். மருந்தும் இல்லை, மயக்கமும் இல்லை. அந்த மாடு எழுப்பிய ஓலம் இந்த வயதிலும் சில இரவுகளில் கேட்கும். உண்மையைச் சொன்னால், 'வேண்டாம்' என்று சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் நான் பேருந்தே ஏறினேன்.

மறுநாள் மிருக வைத்தியர் வந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர். என் பழைய கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அது வேறு காலம்" என்று விளக்கத் தொடங்கினார். பெரிய குதிரையென்றால் நிற்கவைத்தே செய்வதும் உண்டு. இவ்வளவு குள்ளமான குதிரையை முழு மயக்கத்தில் படுக்கவைத்துத்தான் செய்ய வேண்டும். இரண்டு விதைகளும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் அது பெரிய அறுவை. ராஜாவுக்கு இரண்டும் இறங்கியிருந்தன. குதிரை இனத்துக்கு ஏர்ப்புவலி எளிதில் தாக்கும் என்பதால் அதற்கான ஊசி கட்டாயம். சிறிய குதிரைகளை நீண்ட நேரம் பட்டினி போட்டால் இரத்தத்தில் கொழுப்பேறி ஆபத்தாகும். புண்ணைத் தைக்காமல் நீர் வடிய விடுவார்கள். வீக்கம் வற்ற, அடுத்த நாள் முதல் நடத்த வேண்டும். ஈக்கள் குறைந்த, மழையற்ற மாசி மாதமே இங்கே தோதான காலம்.

ஆபத்தையும் அவர் மறைக்கவில்லை. இரத்தம் சொட்டினால் பயமில்லை, தாரையாக ஓடினால் உடனே அழைக்க வேண்டும். அரிதாகக் குடல் சரிந்து வெளியே வருவதும் உண்டு. "செய்தால் மறுநாளே பசுவாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பழகிப்போன சில குணங்கள் நிற்கும். பழக்குவது உங்கள் வேலை" என்றார்.

நான் நெடுந்தீவைப் பற்றிக் கேட்டேன். அங்கே மட்டக்குதிரைகள் கட்டுத்தறி இல்லாமல் திரிகின்றனவே, அவற்றுக்கு யார் காயடிக்கிறார்கள்? அவர் சிரித்தார். "அங்கே ஆண் குதிரை தன் பெட்டைகளோடு கூட்டமாக வாழ்கிறது. மற்ற ஆண்களோடு சண்டை போடுகிறது. வறட்சி வந்தால் தண்ணீரின்றிச் சாகவும் செய்கிறது. உங்கள் ராஜாவுக்கு அந்த வாழ்க்கையைக் கொடுக்க முடியுமா? ஆண்மையை விட்டுவைத்து, ஆயுள் முழுதும் தனியே கட்டிப்போடுவது என்ன கருணை?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதுவரை வாய் திறவாதிருந்த மருமகள் அப்போது பேசினாள். பதினைந்து வருடமாகக் கொழுந்து பறிப்பவள். "கவ்வாத்து வெட்டாம விட்டா தேயிலை மரமாத்தான் போகும், மாமா. வெதைக்குன்னு விடுறது நல்ல மரமாப் பாத்துத்தானே? இது குட்டி போட்டா அந்தக் குட்டிய யாரு வாங்குவா? டவுன் ரோட்டுல குப்பை தின்னுட்டு நிக்கிற குதிரைங்கள நீங்க பாக்கலியா?" என்றாள்.

பார்த்திருக்கிறேன். முதல் நாள் பேருந்திலிருந்தே பார்த்தேன். யாரோ ஒருவர் வருமானத்துக்காகப் பிறப்பித்து, வருமானம் தீர்ந்ததும் கைவிட்ட உயிர்களாகத்தான் எனக்கு அவை தோன்றின. சின்னப் பெட்டைகளுக்குப் பிரசவமே கண்டம், தாயும் குட்டியும் சேர்ந்து போவதுண்டு என்று வைத்தியரும் சொன்னார். கிடைக்கப்போகும் பணத்தை அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஒன்று மட்டும் நான் சொன்னேன். 1930இல் மெல்போர்ன் கிண்ணத்தை வென்ற ஃபார் லாப் காயடிக்கப்பட்ட குதிரைதான். அதை உலகம் ஆண்மையற்றது என்று ஏளனம் செய்யவில்லை, மாவீரன் என்றே கொண்டாடியது. கங்காணி நம்பாமல் தலையசைத்தார். "சரி, செய்யுங்கள்" என்றேன்.

மாசியில் ஒரு காலை, வீட்டுக்குக் கீழே உள்ள புல்வெளியில் அது நடந்தது. நானும் நின்றேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓலம் எதுவும் இல்லை. ராஜா தள்ளாடி எழுந்து நின்று, மூக்கை உதறி, என் கோட்டை முகர்ந்தான். முதல் இரண்டு நாள்கள் வீங்கியிருந்தது. நடக்க நடக்க வற்றியது. வித்து சில வாரங்கள் எஞ்சியிருக்கலாம் என்பதால் ஆறு வாரம் பெட்டைகள் பக்கம் விடவில்லை. ஏப்ரலில் வாவிக்கரைக்குப் போனான். இப்போதும் தூரத்துப் பெட்டையைக் கண்டால் ஒருமுறை கனைப்பான். பிறகு தலையைத் தாழ்த்தி நடப்பான். இதுவரை ஒரு பிள்ளையும் விழவில்லை.

சரியான முடிவுதான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அன்று மாலை, எட்டு வயதுப் பேரன் ராஜாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டது மனதை விட்டு அகலவில்லை. "தாத்தா, எல்லாரும் பேசுனீங்களே, ராஜாகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

இல்லையடா கண்ணா, கேட்கவில்லை. கேட்க வழியில்லாத உயிருக்காக முடிவெடுப்பவன், அதன் காலம் முழுதும் அதைக் கைவிடாமல் வைத்திருக்கக் கடமைப்பட்டவன். தம்பி மகனிடம் அதை மட்டும் வாக்காக வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.