தோள் கொடுக்கும் துணை

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் அம்பாசடர் கார் 1972-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ‘மார்க் 2’ வகையைச் சேர்ந்தது. எங்கள் தந்தையார் 1983-இல் அதனைப் பழைய காராகவே வாங்கினார். இளைய தங்கையை ஞானஸ்நானத்திற்கு எடுத்துச் சென்றதும், பின்னர் அவளே மணக்கோலத்தில் ஆலயம் சென்றதும் அதில்தான். பங்குத் தந்தை மந்திரித்துத் தந்த புனித கிறிஸ்தோபர் பதக்கம் இன்றும் அதன் முகப்பில் இருக்கிறது.

2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து ஆலய வாயிலில் காரைத் திருப்புகையில், எழுபத்து நான்கு வயதான தந்தையாரின் தோள் பிடித்துக்கொண்டது. ஸ்டீயரிங் பாதியில் நின்றது. கார் சுற்றுச்சுவரில் உராய்ந்தது. எவருக்கும் காயமில்லை. ஆயினும் அடுத்த ஞாயிறு அவர் சாவியைத் தொடவில்லை. ஆட்டோவில் சென்றோம், வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பிள்ளைகளாகிய நாங்கள் கூடி, காரை விற்றுவிடுவதே நலம் என்று முடிவு செய்தோம். அவரைக் கேளாமலே செய்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். “உங்கள் விருப்பம்” என்று அவர் சொன்ன குரலே எங்களைத் தடுத்தது.

பவர் ஸ்டீயரிங் பொருத்தலாமா என்று விசாரித்தோம். புதிய கார் ஒன்றின் முன்பாகம் முழுவதையும் கழற்றி இதில் இணைத்துவிடலாம் என்றார் ஒரு மெக்கானிக். தந்தையார் அதற்கு இசையவில்லை. அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவிப் பிறந்தது. சுருள் வில்லுக்குப் பதிலாக, காரின் அடியில் நீளவாக்கில் கிடக்கும் இரு முறுக்குத் தண்டுகளே அதன் முன்பாரத்தைத் தாங்குகின்றன. அதற்கு ஏற்ற நீளத்திலேயே ஸ்டீயரிங் ராக் அமைந்துள்ளது. நீளம் பொருந்தாத வேறு ராக்கை வைத்தால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகவே திரும்ப முற்படும். “முன்பக்கத்தை அறுத்துவிட்டால் அது நம் கார் அன்று” என்றார் அவர்.

முதிய மெக்கானிக் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். சக்கர மூட்டுகளில் கிரீஸ் வறண்டிருந்தது. டயரில் காற்றும் குறைவு. பழைய ஒடுக்கமான டயர்களுக்குப் பதில் நாங்கள் மாட்டியிருந்த அகன்ற ரேடியல் டயர்கள் தரையை மிகுதியாகப் பற்றுவதால், நின்ற இடத்தில் திருப்புவது கடினமாகும் என்றும் விளக்கினார். அவற்றைச் சீர்செய்ததிலேயே பாரம் ஓரளவு குறைந்தது. மீதிக்கு அவர் சொன்ன வழி: ஸ்டீயரிங் தண்டின் நடுவே, முகப்புப் பலகைக்குப் பின்னால், சிறு மின் மோட்டார் ஒன்றைப் பொருத்துவது. கை கொடுக்கும் முறுக்கை ஓர் உணர்கருவி அறியும்; அதற்கேற்ப மோட்டார் துணை செய்யும். மோட்டார் நின்றுபோனாலும் கையால் திருப்பலாம். முன்பக்கத்தில் ஓர் ஆணியையும் தொட வேண்டியதில்லை.

இதற்கும் தந்தையார் தயங்கினார். “துணையின்றி ஓட்ட இயலாதெனில் ஓட்டவே வேண்டாம்” என்றார். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையில் ஐந்தாம் நிலையருகே அவர் நெடுநேரம் நின்றதைக் கண்டோம். சீரேன் ஊர் சீமோன் ஆண்டவரின் சிலுவையைச் சுமக்க உதவும் நிலை அது. வீடு திரும்பியதும் அன்னையார், “ஆண்டவரே பிறர் தோளை வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்களுக்கு மட்டும் என்னவாம்?” என்றார். அவர் சிரித்துவிட்டார்.

தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றோம். மோட்டார் இழுக்கும் மின்சாரத்திற்குப் பழைய டைனமோ போதாது; அதனிடத்தில் ஆல்டர்னேட்டர் வந்தது. தந்தையாரின் கண்களையும் தோளையும் மருத்துவர் சோதித்து, ஓட்டலாம் என்றார்.

வேலை முடிந்த முதல் ஞாயிறு, அதே ஆலய வாயிலில் அவர் காரை ஒரே முயற்சியில் திருப்பினார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

சீமோன் வந்ததால் கல்வாரிப் பாதை மாறிவிடவில்லை, நடந்தவர் ஆண்டவரே. நம் இல்லங்களில் முதுமை அடைந்தோர்க்கு நாம் செய்யும் உதவியும் அத்தகையதாக இருத்தல் நன்று. அவர்களது பாரம் எங்கே அழுத்துகிறது என்று முதலில் கேட்போம். அவர்களை விலக்கிவிட்டு நாம் ஓட்டுவதன்று உதவி. அவர்கள் கையிலேயே சக்கரத்தை விட்டு, கண்ணுக்குத் தெரியாமல் தோள் கொடுப்பதே உதவி.