வேதாளம் இப்போது பிடிஎஃபில்

அம்பத்தூர் வீட்டுப் பரணில் கிடந்த அம்புலிமாமா சிறுவர் இதழ் பைண்டிங்குகளை இறக்கி, வேதாளக் கதைகளை மட்டும் மின்னூலாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்; காப்புரிமை என்று ஒன்று இருக்கிறதே!

இதில் பெரிய பேய் எழுத்துதான். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கையோடு நிற்கும். ஸ்கேன் செய்து கொடுத்தால் கணினி உளறுகிறது. கையால்தான் தட்டச்சு செய்கிறேன்.

படங்களைத் தொடவே மாட்டேன். ராஜாவின் தோளில் பிணம், கையில் உருவிய வாள், பின்னால் சுடுகாடு. இதை வரைந்த ஓவியர் சங்கர் (கே.சி. சிவசங்கரன்) நம்ம போரூர் பக்கம் ஐயப்பன்தாங்கலில்தான் இருந்தார். 2020இல் காலமானார். பத்மஸ்ரீ மறு ஆண்டு வந்தது. கொஞ்சம் முன்னாடியே கொடுத்திருக்கக் கூடாதா?

வடமொழி மூலத்தில் வேதாளம் சொல்வது 25 கதைகள். அவை தீர்ந்த பிறகும் அம்புலிமாமா புதுக்கதைகளை அதன் வாயில் போட்டுப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. அதனால் என் மின்னூல் இப்போதைக்கு முடியாது.

ஆவடியிலிருக்கும் தம்பி மகள் கேட்கிறாள்: "ராஜா பேசினாத்தானே பெரியப்பா வேதாளம் மரத்துக்கு ஓடுது? ராஜா வாயை மூடிட்டுப் போனா என்ன?"

வேதாளம் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், பாப்பா.