அப்பா பேர் என்ன?

பெண் பார்க்க வந்தாலும் சரி, வீடு பார்க்கப் போனாலும் சரி, நம் பக்கத்தில் முதல் கேள்வி இதுதான். பதில் தெரியாத பெண் என்ன செய்வாள்?

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் மில் ஆபீஸில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். கைக்குழந்தையாக விடுதிக்கு வந்தவள். 18 வயது முடிந்ததும் ஒரு பையோடு வெளியே வந்துவிட்டாள். வாடகை மலிவாயிருக்குமே என்று, போன ஆடியில் அவளோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அறை பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மாள் காப்பி கொடுத்து அன்பாய்த்தான் பேசினாள். 'விடுதி' என்று காதில் விழுந்ததுதான் தாமதம், "யாரு என்னன்னு தெரியாம எப்படிம்மா வைக்கிறது?" என்றாள்.

வெளியே ஆடிப்பூரத் தேருக்குத் தெருவெல்லாம் கோலம்! துளசி வனத்தில் கிடைத்த குழந்தையை, பெற்றவர் யாரென்று விசாரித்துவிட்டா பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார்? கேட்டே இருப்பேன். "வேண்டாம்க்கா, பஸ் போயிடும்" என்று இவள்தான் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. விடுதியை விட்டுப் போகிறவர்களுக்குப் பண உதவி செய்ய 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, அரசு அங்கீகரித்த விடுதியில் சேர்ந்த ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டின் பிற்பட்டோர் பட்டியலில் இடமும் உண்டு. ஆனால் இதெல்லாம் வாடகை வீட்டுத் திண்ணை வரை வருவதில்லையே!

பிரிட்டனில் 2022-ல் வெளியான ஓர் ஆய்வறிக்கை, இப்படி வளர்ந்தவர்களையும் இனம், மதம் போலப் பாகுபாடு காட்டக் கூடாத வகையில் சேர்க்கச் சொன்னது. சட்டம் வரட்டும் என்று காத்திராமல் பல ஊர்களின் சபைகள் தாமாகவே தீர்மானம் போட்டன. எந்தத் திட்டம் போட்டாலும் அது இவர்களை எப்படிப் பாதிக்கும் என்று பார்ப்பதாக ஒப்புக்கொண்டன.

நம் இரண்டு நகராட்சிகளும் போட்டால் என்ன? அந்த வீட்டுக்கார அம்மாளை அது கட்டிப்போடாது, எனக்கும் தெரியும். ஆனால் தகப்பன் பெயர்க் கோடு காலியாயிருந்தாலும் மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று குமாஸ்தாவுக்கு ஓர் உத்தரவாவது இருக்குமே. அதுவே பெரிது.

எங்கள் வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதி, தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். புரட்டாசியில் என் மாடியறை காலியானதும் அவள் இங்கேயே வந்துவிட்டாள். வாடகையைக் கறாராக வாங்கிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இருக்க மாட்டேன் என்கிறாள்.