கடன் வாங்கிய சக்கரம்

வைகையின் வடகரையில், ஆல்பர்ட் விக்டர் பாலம் இறங்குமிடத்தில் கோரிப்பாளையம் தொடங்குகிறது. அப்பாலம் 1889-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஓடிய காலத்தில் கட்டப்பட்டது. ஒருபுறம் தர்கா, மறுபுறம் அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்லும் சாலை, சற்று வடக்கே, பசுமலையில் 1881-இல் தொடங்கிப் பின்னர் இங்கு வந்தமைந்த அமெரிக்கன் கல்லூரி. மதுரைக்குள் நுழையும் ஊர்திகளில் பெரும்பகுதி இந்தச் சந்திப்பைக் கடந்தே ஆக வேண்டும். இவ்வளவு இரைச்சலுக்கும் நடுவே, ஒரு சந்துக்குள், தகரக் கூரையின்கீழ் ஒரு பட்டறை இருக்கிறது. அதன் உரிமையாளரை வாடிக்கையாளர்கள் ‘பாய்’ என்றே அழைக்கின்றனர். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். ஊர்தி கண்ணில் படும் முன்பே ஒலியைக் கொண்டு அதன் பெயரையும், பல வேளைகளில் அதன் நோயையும் சொல்லிவிடுவார்.

பங்குனி மாத இறுதியில் ஒருநாள் ஒலியே இல்லாமல் ஒரு மோட்டார் சைக்கிள் அங்கு வந்து சேர்ந்தது. ‘குட்டியானை’ என்று மக்கள் சொல்லும் சிறு சரக்கு வண்டியில் கயிறு கட்டிக் கிடத்தி அதனைக் கொண்டுவந்தவர், ஒத்தக்கடையில் விதைக்கடை வைத்திருப்பவர். ஊர்தி, எஸ்டி ரோடு கிங். எண்பதுகளில் அவருடைய தந்தை வாங்கியது. வேகத்தடையொன்றைக் கவனியாமல் ஏறி இறங்கியதில் பின்சக்கரத்தின் ரிம் வளைந்து, கம்பிகள் நான்கைந்து அறுந்து போயிருந்தன.

“சித்திரைத் திருவிழாவுக்குள்ள வேணும் பாய். அப்பாவுக்கு எண்பது ஆச்சு. அம்மா இருந்தவரைக்கும் எதிர்சேவைக்கு ரெண்டு பேரும் இந்த வண்டியிலதான் மூன்றுமாவடிக்கு வருவாங்க. இந்த வருசம் பின்னாடி உக்காந்தாவது வரணும்ங்கிறார்.”

பாய் விடை சொல்லவில்லை. சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். பின்பு ஒரு துணியை எடுத்து, குடத்தில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

இந்த ஊர்தியின் வரலாற்றைச் சிறிது அறிந்தால்தான் அவருடைய மௌனம் விளங்கும். செக்கோசுலோவாக்கியாவில் யானெசெக் என்பவர் 1929-இல் வாண்டரர் என்னும் செருமானிய நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் உரிமத்தைப் பெற்றார். இரு பெயர்களின் முதல் எழுத்துகளும் இணைந்து ‘ஜாவா’ ஆயிற்று. அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப உரிமத்தோடு 1961-இல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் அங்கு உருவான ஊர்திகள் ‘எஸ்டி’ என்னும் பெயர் பெற்றன. இருநூற்றைம்பது சி.சி. கொள்ளளவு, இரண்டு புகைக்குழாய்கள், உதைத்து இயக்கும் நெம்புகோலையே முன்னே மடக்கிக் கியர் மாற்றவும் பயன்படுத்தும் விந்தை ஆகியவற்றால் அது தனித்துத் தெரிந்தது. அந்த நெம்புகோலைப் புரிந்துகொள்ளாமல் வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டு விழித்தவர்கள் பலர். 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018-இல் ஜாவா என்னும் பெயரும், 2022-இல் எஸ்டி என்னும் பெயரும் புதிய ஊர்திகளில் திரும்பி வந்தன. ஆயினும் அவற்றின் பாகங்கள் பழைய ஊர்திக்குப் பொருந்துவன அல்ல.

ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் அதன் ஊர்திகளும் உடனே இறந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. நடைமுறை வேறு. சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் அச்சைத் தாங்கும் பேரிங்கின் விளிம்பில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். காட்டாக, 6203 என்று இருந்தால் அதன் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, தடிமன் 12. செக் நாட்டில் வாங்கினாலும் மதுரைக் கீழமாசி வீதியில் வாங்கினாலும் அதே அளவுதான். அந்த எண்ணைச் சொன்னால் போதும். ஊர்தியின் பெயரைக் கடைக்காரர் கேட்கவே மாட்டார். ரோடு கிங்கின் ரிம் 18 அங்குலம். இன்றும் பல ஊர்திகளுக்கு உரிய அளவு. கம்பிகளை வேண்டிய நீளத்திற்கு வெட்டி மரை போட்டுத் தருவோர் உள்ளனர். டயர், டியூப் பற்றிக் கேட்க வேண்டியதே இல்லை. உலகுக்குப் பொதுவானவை எளிதில் கிடைத்துவிடுகின்றன. அந்த ஊர்திக்கு மட்டுமே உரிய பாகம் பழுதுபடும்போதுதான் இடர் தொடங்குகிறது.

துடைத்து முடித்த பாய், குடத்தின் விளிம்பைச் சுட்டிக்காட்டினார். கம்பி கோக்கும் துளையொன்றிலிருந்து அடுத்த துளைவரை மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருந்தது. சுண்ணக்கட்டியால் அதனைச் சுற்றி வட்டமிட்டார்.

“ரிம்மு போனா வாங்கிறலாம் தம்பி. குடம் விட்டிருக்கே.”

“வெல்டு வச்சா நிக்காதா பாய்?”

“நிக்கும். எத்தனை நாளைக்குன்னு எனக்குத் தெரியாது. பின்னாடி உங்க அப்பா உக்காருவார்.”

மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடத்தையும் வட்டையையும் இணைக்கும் ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை. பாரம் அழுத்தும்போது அடியில் இருக்கும் ஆரக்கால் தூண்போல் நின்று தாங்குகிறது. கம்பிச் சக்கரம் அதற்கு நேர்மாறானது. மெல்லிய கம்பி தூண்போல் நின்றால் வளைந்துபோகும். ஆகவே அத்தனை கம்பிகளும் முன்கூட்டியே முறுக்கேற்றப்பட்டு, ரிம்மைக் குடத்தை நோக்கி எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஊர்தி நின்றுகொண்டிருந்தாலும் இந்த இழுவை ஓய்வதில்லை. முப்பத்தாறு கம்பிகளின் இழுவையையும் வாங்கிக்கொள்வது குடத்தின் விளிம்பு. அதில் கீறல் விழுந்தபின் ஓட்டுவது தீங்கை வலிந்து அழைப்பதாகும். பற்றவைக்க மறுத்த பாயின் முடிவில் வாதத்திற்கு இடமில்லை.

வேறோர் ஊர்தியின் சக்கரத்தை மாட்டலாமே என்று விதைக்கடைக்காரர் கேட்டார். மாட்டலாம், பலர் அப்படிச் செய்கின்றனர். ஆனால், சங்கிலியை முழுவதுமாக மூடியிருக்கும் பெட்டியைக் கழற்றி எறிய வேண்டும். பின்கவையை அறுத்து அகலப்படுத்த வேண்டியும் வரலாம். பாய் அதனை விளக்கிக்கொண்டிருக்கையில், வந்தவரின் கண்கள் பட்டறையின் மூலைக்குச் சென்றன. அங்கே சாக்குத்துணியால் மூடிய மற்றொரு ரோடு கிங் நின்றது.

“அது?”

“அது என்னோடது இல்ல.”

செல்லூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஏழாண்டுகளுக்கு முன் சவூதிக்கு வேலைக்குச் செல்லும்போது விட்டுச்சென்றது. திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வாடகை என்று எதுவும் பேசவில்லை. பெருநாள்களில் மட்டும் தொலைபேசியில் அழைத்து, இறுதியில் வண்டியை நலம் விசாரிப்பார். விதைக்கடைக்காரர் அந்தச் சக்கரத்திற்குத் தம்மால் இயன்ற விலையைச் சொன்னார். சற்று நேரத்தில் அதனை இரட்டிப்பாக்கினார். பாய் சிரித்துக்கொண்டே தேநீர் வரவழைத்தார். ஏழாண்டுகள் கேட்பாரற்று நிற்கும் ஊர்தியிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பழைய ஊர்திகளை உயிரோடு வைத்திருக்கும் இத்தொழிலில், ஒன்றைக் கொன்று மற்றொன்றைக் காப்பாற்றுவது அன்றாட வழக்கமும்கூட. அதனால்தான் அரிய ஊர்திகள் மேலும் அரியனவாகிக்கொண்டு வருகின்றன.

அன்றிரவு பாய் சவூதிக்கு அழைத்தார். மறுமுனையிலிருந்து வந்த விடை சுருக்கமானது: “விக்காதீங்க பாய். கடனாக் குடுங்க.”

மறுநாள் காலையில் பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு வரி எழுதப்பட்டது: ‘செல்லூர் வண்டி – பின்சக்கரம் – கடன்’. நாளும் குறிக்கப்பட்டது.

சக்கரத்தை மாற்றும் வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. ஜாவா மரபின் சிறப்புகளுள் இதுவும் ஒன்று. பிற ஊர்திகள் பலவற்றில் பின்சக்கரத்தைக் கழற்றச் சங்கிலியையும் அவிழ்க்க வேண்டும், கையெல்லாம் கரியாகும். இதில் பற்சக்கரமும் சங்கிலியும் மூடிய பெட்டிக்குள் பின்கவையிலேயே தங்கிவிடும். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, பிரேக் இணைப்பை விடுவித்து, அச்சின் திருகைக் கழற்றி அச்சை உருவினால், இடைக்குழாய் தளர்ந்து கையில் வரும். பிறகு சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்தால், அதிர்வை வாங்கும் ரப்பரிலிருந்து அது விடுபடும். வண்டியை ஒருபுறம் சாய்த்துச் சக்கரத்தை உருட்டி எடுத்துவிடலாம். சாய்த்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பு, தொழில் கற்கும் சிறுவனுடையது.

மாட்டுவதற்குமுன் வேறு வேலைகள் இருந்தன. ஏழாண்டுகள் நின்றிருந்த டயரில் வெடிப்புகள் தெரிந்தன. எனவே விதைக்கடைக்காரரின் நல்ல டயரையும் டியூபையும் இதற்கு மாற்றினர். பேரிங்கில் இருந்த கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் ஆகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் புதிது இட்டனர். பிரேக் கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்தனர். செல்லூர் வண்டி, பின்புறம் செங்கல் அடுக்கி, சாக்கின்கீழ் மீண்டும் நின்றது. எதிர்சேவை நாளன்று முதியவர் மூன்றுமாவடிக்குச் சென்று திரும்பினார் என்ற செய்தி, ஒரு பை வெல்லத்தோடு பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

கடனைத் திருப்ப ஒரு குடம் வேண்டுமே! தேடல் அதன்பின் தொடங்கியது. மதுரைக்கு இத்தகைய தேடல் புதிதன்று. 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இவ்வூரில் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கியபோது ஊர்தியும் உதிரிபாகமும் கடல் கடந்துதான் வரவேண்டியிருந்தன. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் கிடைக்காத நிலையில், கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலன்களை அவருடைய நிறுவனமே செய்து பேருந்துகளை ஓட்டியது. இல்லாததை இருப்பதைக்கொண்டு ஈடுகட்டும் பழக்கம் இந்நகரின் பட்டறைகளில் ஊறியிருக்கிறது.

பாய் தேடச் சென்ற இடம் திலகர் திடல். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குக் கூடும் சந்தையில், தார்ப்பாய் விரித்துப் பழம்பொருள்களைக் குவித்திருப்பர். திருகு முடுக்கிகள், தையல் இயந்திரப் பாகங்கள், கைக்கடிகாரங்கள், எந்த ஊர்தியினுடையது என்று விற்பவருக்கே தெரியாத இரும்புத் துண்டுகள். முதல் ஞாயிறு வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாம் ஞாயிறு ஒரு குடம் கண்ணில் பட்டது. கையில் எடுத்து, உட்புறத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். அலுமினியக் குடத்தினுள் பதித்திருக்கும் இரும்பு வளையம் பிரேக் கட்டை உரசி உரசித் தேய்ந்து, ஓரத்தில் ஒரு படி உருவாகியிருந்தது. மேலும் கடைசல் பிடித்தால் தகடாகிவிடும். விலை மலிவுதான், ஆயினும் வைத்துவிட்டு எழுந்தார். உடன் சென்ற சிறுவனுக்கு அது வருத்தம். பார்வைக்கு அக்குடம் பளபளவென்று இருந்தது.

இறுதியில் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வழி பிறந்தது. பழைய ஊர்திகளைப் பிரித்து விற்கும் அத்தெருக்களில் பாயின் பழைய தொழில்கூட்டாளி ஒருவர் இருந்தார். ரிம் முழுவதும் துருவேறி உதிர்ந்த சக்கரம் ஒன்றை அவர் கண்டெடுத்துப் பேருந்துப் பார்சலில் மாட்டுத்தாவணிக்கு அனுப்பினார். சாக்கைப் பிரித்ததும் சிறுவன் முகம் சுளித்தான். பாய் கம்பிகளை வெட்டி எறிந்து, குடத்தைமட்டும் எடுத்து விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளைகளில் கீறல் இல்லை. உள்வளையம் சீராக இருந்தது.

புதிய ரிம்மைக் கோக்கும் வேலையைச் சிறுவனிடம் விட்டார். பதினெட்டுக் கம்பிகள் விளிம்பின் உட்புறமிருந்தும் பதினெட்டு வெளிப்புறமிருந்தும் வர வேண்டும். ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் ஒழுங்கில் ஒரு துளை தவறினாலும் கடைசிக் கம்பி எட்டாது. சிறுவனுக்கு இருமுறை எட்டவில்லை, இருமுறையும் அவிழ்த்தான். மூன்றாம் முறை எட்டியது. அடுத்தது கோட்டம் எடுத்தல். அசையாத ஓரிடத்தில் சுண்ணக்கட்டியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினால், வெளியே பிதுங்கிய பகுதியில் மட்டும் வெள்ளைக்கோடு விழும். அந்தப் பக்கத்து நிப்பிளைச் சற்றே தளர்த்தி, எதிர்ப்பக்கத்தில் கால் திருகு இறுக்க வேண்டும். அவசரப்பட்டு அரைத் திருகு இறுக்கினால் கோட்டம் வேறிடத்திற்கு ஓடிவிடும். மாலைவரை சிறுவன் கோட்டத்தைத் துரத்திக்கொண்டிருந்தான். பாய் அருகில் வரவேயில்லை. இருட்டும் வேளையில் வந்து, சாவியால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். இரண்டு கம்பிகளின் ஒலிமட்டும் மந்தமாக இருந்தது. அவற்றைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தொழுகைக்குச் சென்றார்.

ஆனி மாதத்தில் ஒருநாள் விதைக்கடைக்காரர் ஒத்தக்கடையிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்தார். இரண்டு குழாய்களின் ஒலியைக் கேட்டுப் பாய் சந்துமுனைக்கே வந்து நின்றார். கடன் சக்கரம் கழன்றது. டயரும் டியூபும் தம் உரியவரிடம் திரும்பின. புதிதாய்க் கோத்த சக்கரம் ஏறியது. கழற்றிய சக்கரத்தை உடனே மாட்டிவிடாமல், அதன் அதிர்வு வாங்கும் ரப்பர்கள் இரண்டுமாத ஓட்டத்தில் தேய்ந்திருக்கும் என்று பாய் புதியன இட்டார். அந்தச் செலவையும் விதைக்கடைக்காரர் கணக்கில் சேர்த்தார். அவர் மறுப்பின்றிக் கொடுத்தார்.

சாக்கை விலக்கிச் செல்லூர் வண்டியின் அடியிலிருந்து செங்கற்களை எடுத்தனர். வெடித்த பழைய டயரோடேயே சக்கரம் தன் இடத்தில் அமர்ந்தது. அச்சு ஒரே தள்ளலில் உள்ளே சென்றது. சிறுவன் ஈரத்துணியோடு சுவரருகே போனான். அங்கிருந்தபடியே திரும்பிப் பாயைப் பார்த்தான்.

“பிரேக்கைப் புடிச்சுப் பாத்தியா?”

அவன் மீண்டும் வந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டான். பிறகு போய்ச் சுவரிலிருந்த வரியைத் துடைத்தான்.